ஐலா திறந்த ஜன்னல்கள்

ஐலா முலாரி எங்கள் ஊரில் புகைபோக்கி சுத்தம் செய்பவள். கொர்ப்பிவாராவில் நாற்பத்தொரு வீடுகள். எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு கதவு நிலையில் அவள் விரல் பட்ட கரி இருக்கும். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஐம்பத்தெட்டு. ஒரே வகுப்பில் படித்தோம். ஆனால் அவள் ஓர் இடத்தில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்த ஞாபகமே இல்லை. காப்பி கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பாள். குடிக்கும்போது கண் நம் முகத்தில் இருக்காது. கூரையோரத்தில் இருக்கிற காற்றுத் துவாரத்தில் இருக்கும்.

சட்டைப் பையில் எப்போதும் கழிப்பறைக் காகிதம் ஒரு துண்டு வைத்திருப்பாள். பேச்சுக்கு நடுவிலேயே அதை எடுத்துத் துவாரத்தின் மேல் வைப்பாள். காகிதம் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றால் வீட்டுக்குள் இருக்கும் கெட்ட காற்று ஒழுங்காக வெளியே போகிறது என்று அர்த்தம். கீழே விழுந்தால் தொலைந்தோம். முக்காலியைப் போட்டு ஏறி, துவாரத்துக்குள் கையை விட்டு, நாம் திணித்து வைத்திருந்த கம்பளிக் காலுறையை உருவி, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் போடுவாள். நம் பெண்டாட்டி பின்னிய காலுறை. யாருடையது என்று மழுப்பவும் முடியாது.

காலுறை திணிக்காத வீடு ஊரில் கிடையாது. எட்டு மாதம் குளிரில் கிடக்கிறவனுக்குச் சூடு என்பது காசு கொடுத்து வாங்கிய சாமான். அது ஓட்டை வழியாகப் போகிறது என்றால் வயிறு எரியும். ஐலா வரும் தேதி ஒரு வாரம் முன்பே சீட்டில் வந்துவிடும். அன்றைக்குக் காலையில் ஊர்க் காலுறைகள் எல்லாம் துவாரத்திலிருந்து அலமாரிக்குப் போகும், சாயங்காலம் திரும்பிவிடும். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் பெயர் ஆர்வோ. ஊர்ச் சாலையில் பனி தள்ளும் டிராக்டர் ஓட்டுகிறவன். மற்ற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். இந்தக் கதையில் பாதி அந்த வாயால் வந்தது.

ஐலா பிறக்கும்போதே கரி பூசிக்கொண்டு பிறக்கவில்லை. மர ஆலையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆலையை மூடியபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கயானி நகரத்துக்குப் போய் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தாள். வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் ஏரிக்கரையில் ஒரு குடும்பம், அம்மா அப்பா மூன்று பிள்ளைகள், குளிர்காலம் பூராவும் தலைவலி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் கூரையேறிப் பார்த்தாள். காற்று வெளியேறும் குழாயில் பறவைக் கூடு. அதை எடுத்துப் போட்டாள், தலைவலி போயிற்று. அன்றிலிருந்து யாராவது தலைவலி என்று சொன்னால் அவள் மாத்திரையைத் தேட மாட்டாள், ஏணியைத் தேடுவாள்.

அவள் புருஷன் தெற்கே போய் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். பிப்ரவரி மாதத்திலும் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்தால் எவன் இருப்பான் என்று ஊர் பேசியது. ஊர் என்றால் நான்தான்.

அடுத்து கௌகோ யுந்துனென். அவனும் எங்கள் வகுப்புதான். ஆலை மூடும் வரை அங்கே மின்வேலை பார்த்தவன். பெண்டாட்டி இறந்த பிறகு வீட்டையே பெண்டாட்டி மாதிரிப் பார்த்துக்கொண்டான். ஏரிச் சாலையின் கடைசி வீடு, பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. நான்கு வருஷம் தனியாளாக அந்த வீட்டைப் பிரித்துக் கட்டினான். சுவருக்குள் பஞ்சு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், தாள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் டேப், மூன்று கண்ணாடி வைத்த ஜன்னல்கள். பிறகு ஒரு மெஷின் வாங்கி மாட்டினான். வெளியே போகிற காற்றின் சூட்டைப் பிடுங்கி, உள்ளே வருகிற குளிர்ந்த காற்றுக்குக் கொடுக்கிற பெட்டி அது. யார் வந்தாலும் மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னலோரம் வைத்துக் காட்டுவான். சுடர் ஆடினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பான். ஆடியதே இல்லை.

ஐலாவுக்கு அந்த வீட்டின் மேல் பொறாமை என்று ஊரில் சொன்னார்கள். உண்மையில் அவள் அந்த வீட்டை மெச்சினாள். அவள் பயம் வேறு. முதல் வருஷக் கரண்ட் பில்லைப் பார்த்ததும் கௌகோ மெஷினை அவ்வப்போது நிறுத்த ஆரம்பித்தான். கடும் குளிரில் அது உறையாமலிருக்க உள்ளே ஒரு கம்பி சூடாகும், அது கரண்டைக் குடிக்கும். ஐலா ஒருநாள் என் முன்னாலேயே அவனிடம் சொன்னாள்.

"இவ்வளவு இறுக்கமா கட்டினதே அந்த மெஷின் ஓடும்னு நம்பித்தான். அத நிறுத்திட்டா இது வீடு இல்ல கௌகோ, மூடி போட்ட டப்பா."

"டப்பாவுக்குள்ள கதகதன்னு இருக்கு. உனக்கு வேணும்னா வெளிய போய் நில்லு," என்றான் அவன். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்த பிப்ரவரியில் அந்த விவகாரம் நடந்தது. கௌகோ பல் பிடுங்க கயானிக்குப் போயிருந்தான். ஐலா வந்து சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தான். அவள் வந்தாள். ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூசணம். இவளால் பொறுக்க முடியுமா? பத்து நிமிஷம் காற்றாடட்டும் என்று படுக்கையறை ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கூரைக்கு ஏறினாள். கூரையில் இருக்கும்போது வேறு வீட்டிலிருந்து அவசர அழைப்பு. இறங்கி, கதவைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஜன்னல் திறந்தபடி கிடந்தது. வெளியே மைனஸ் இருபத்தொன்பது. அதன் கீழே, அறையைச் சூடாக்கச் சுடுநீர் ஓடும் ரேடியேட்டரில் தண்ணீர் உறைந்து இரும்பு பிளந்தது. இரவு கௌகோ வந்தபோது படுக்கையறைத் தரை ஏரியாகிவிட்டிருந்தது.

ஐலா அன்றே போய் மன்னிப்புக் கேட்டாள். தரையைப் பெயர்த்துப் போட மூன்று ஞாயிறு தானே வந்து வேலை செய்கிறேன் என்றாள். அவன் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேலை கொடுத்தவர்களுக்குப் புகார் எழுதினான். அவர்கள் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் இந்தப் பகுதியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அவள் வண்டியின் டயர் என் முற்றத்தில் பட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கௌகோ என்னிடம் சொல்லி அனுப்பினான். நான் அதைக் கொண்டுபோய் அட்சரம் பிசகாமல் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன்.

அவள் கறுத்துப்போனாள். கரியால் இல்லை. அப்புறமும் வீடு வீடாக வந்தாள், காகிதத்தை வைத்துப் பார்த்தாள். ஆனால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்திலேயே நின்றாள். மூடிவிட்டுப் போனவள் வண்டியிலிருந்து திரும்பி வந்து, மூடினேனா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள். போன வழியில் போன் செய்து மூடியிருக்கிறதா என்று கேட்டாள். என் பெண்டாட்டி ஹெல்வி, பாவம் அவள், அவளை விட்டுவிடு என்றாள். நான் விடவில்லை. பிளந்த ரேடியேட்டர் கதையைக் கடையில், தபால் பெட்டிக்கு அருகில், சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் என்று எங்கெல்லாம் ஆள் கிடைத்ததோ அங்கெல்லாம் சொன்னேன்.

இப்போது அதற்கு அடுத்த ஜனவரிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் கரண்ட் விலை மணிக்கு மணி மாறும். நாளைய விலை இன்றைக்கு மதியமே போனில் வந்துவிடும். அந்த வாரம் குளிர் இறங்கிக்கொண்டே போயிற்று, விலை ஏறிக்கொண்டே போயிற்று. வெள்ளிக்கிழமைக்கான விலையைப் பார்த்ததும் ஹெல்வி போனைத் தட்டிப் பார்த்தாள், புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று. வாணலி வைக்கவே யோசிக்கிற விலை. எனக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. போனில் இருக்கிற ஊர்க் குழுவில் எழுதினேன்: நாளை காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை யார் வீட்டு மீட்டர் குறைவாக ஓடுகிறது என்று பார்ப்போம், மணிக்கு ஒருமுறை மீட்டரைப் படம் எடுத்துப் போடுங்கள், ஜெயிப்பவருக்கு என் செலவில் ஒரு கிலோ காப்பித்தூள்.

எங்கள் ஆட்களிடம் பேசு என்றால் பேச மாட்டார்கள். மிச்சம் பிடி என்றால் உயிரைக் கொடுப்பார்கள். பத்து நிமிஷத்தில் இருபத்தாறு வீடுகள் சேர்ந்துவிட்டன. முதல் பெயர் கௌகோ.

ஐலாவும் குழுவில் எழுதினாள். அடுப்பு எரிப்பவர்கள் தகட்டை அவசரப்பட்டு மூட வேண்டாம், கங்கு முழுக்கக் கறுத்த பிறகுதான் மூட வேண்டும், காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டாம் என்று. அவ்வளவுதான், மூன்று வரி. அதற்குக் கீழே ஒருவன் பிளந்த ரேடியேட்டர் படத்தைப் போட்டான். பதினான்கு பேர் சிரித்தார்கள். அந்த ஒருவன் நான்.

தகடு என்பது புகைபோக்கியின் கழுத்தில் இருக்கிற இரும்பு மூடி. எங்கள் செங்கல் அடுப்புகள் வீட்டளவு கனம். இரண்டு தடவை விறகு போட்டு எரித்தால் கல் சூடேறி மறுநாள் வரை வீட்டைக் காக்கும். நெருப்பு அணைந்ததும் தகட்டை இழுத்து மூடினால் அந்தச் சூடு கூரை வழியாக ஓடாது. சீக்கிரம் மூடினால் அதிகச் சூடு மிஞ்சும். ஆனால் கங்கு உள்ளே இன்னும் சிவப்பாக இருக்கும்போது மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வந்துவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை. இதெல்லாம் எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால்தான் எல்லாரும் ஒரு கால் மணி நேரம், அரை மணி நேரம் திருடுகிறோம். பழைய வீட்டில் இடுக்குகள் நம்மைக் காப்பாற்றிவிடும். கௌகோ வீட்டில் இடுக்கு ஏது?

வெள்ளிக்கிழமை காலை மைனஸ் முப்பத்தேழு. என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. போனைப் பார்ப்பேன், மீட்டரிடம் ஓடுவேன், படம் எடுப்பேன், திரும்பவும் போன். குளிர்பெட்டியை நிறுத்திச் சாமானை வெளியே வைத்தேன். காரின் எஞ்சின் உறையாமலிருக்க முற்றத்துக் கம்பத்திலிருந்து ஒயர் போகும், அதையும் பிடுங்கினேன். டிராக்டருக்குப் போகிற ஒயரையும் பிடுங்கினேன். ஹெல்வி கோட்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கௌகோதான் முன்னால் இருந்தான். மெஷின் நிறுத்தம் என்று எழுதினான். துவாரங்களில் காலுறை என்று படம் போட்டான். பன்னிரண்டு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தான். இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது தடவை பிர்ச் விறகைப் போட்டு அதையும் படம் எடுத்தான். இரண்டே முக்காலுக்கு எழுதினான்: "தகடு மூடியாச்சு. இனி ஒரு டிகிரிகூட வெளிய போகாது. ஆர்வோ, காப்பித்தூள ரெடி பண்ணு." ஒன்பது பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

மூன்று மணிக்கு ஐலா போன் செய்தாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கூரையில் இருந்தாள், காற்று இரைந்தது.

"ஆர்வோ, அது அவன் ரெண்டாவது தடவ போட்ட விறகா?"

"ஆமா."

"அந்த அடுப்ப இருபது வருஷம் நான் சுத்தம் பண்ணியிருக்கேன். அதுல ரெண்டாவது விறகு கறுக்க சாயங்காலம் அஞ்சு மணி ஆயிடும். அவன் ஒரு மணி நேரத்துல மூடியிருக்கான். மெஷினும் ஓடல. அவனுக்கு போன் பண்ணு. நான் பண்ணா எடுக்க மாட்டான்."

நான் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தூங்குவான் என்றேன். அதுதான் பயமே என்றாள். சரி என்று போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. குழுவில் எழுதினேன், படித்ததாகக் காட்டவில்லை. அவளைக் கூப்பிட்டு எடுக்கவில்லை என்றேன். நீ நாலு கிலோமீட்டரில் இருக்கிறாய், உடனே போ, ஆம்புலன்ஸுக்கும் சொல்லு என்றாள்.

ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். கயானியிலிருந்து அது ஒரு மணி நேரம் வந்து நின்று, கௌகோ கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தால் ஊர் என்னைப் பார்த்து எத்தனை வருஷம் சிரிக்கும் என்று கணக்குப் போட்டேன். மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தே பழகியவனுக்கு அந்தப் பயம் அதிகம். முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் என்று காருக்குப் போனேன். சாவியைத் திருப்பினேன். முனகியது. இன்னொரு தடவை முனகிவிட்டு அதுவும் நின்றது. டிராக்டர் முனகக்கூட இல்லை. பிடுங்கிப் போட்ட இரண்டு ஒயர்களும் பனியில் கிடந்தன. ஊருக்கே பாதை திறந்துவிடுகிற ஆள், என் முற்றத்தைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

திரும்பவும் ஐலாவுக்குப் போன் செய்தேன். கார் கிளம்பவில்லை என்று சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஏற்கெனவே வண்டியில் வந்துகொண்டிருந்தாள், ஆம்புலன்ஸுக்கும் அவளே சொல்லியிருந்தாள். வாசலில் நில் என்றாள். நின்றேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். ஹெல்வி பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைகளை எடுத்து வந்து முன்னால் போட்டு, போ என்றாள். ஒரு காலில் மாட்டினேன். நான்கு கிலோமீட்டருக்கு அரை மணி ஆகும், அதற்குள் அவள் வந்துவிடுவாள் என்று கழற்றினேன். பிறகு போயிருக்கலாமே என்று மறுபடி மாட்டினேன். இமையெல்லாம் உறைந்து ஒட்டிக்கொண்டது. பதினேழு நிமிஷம் அப்படியே போயிற்று. அந்தப் பதினேழு நிமிஷத்தை இன்றைக்கும் நான் சில சமயம் முழுசாக வாழ்ந்து பார்க்கிறேன்.

அவள் வண்டியை முழுக்க நிறுத்தவில்லை, ஓடி ஏறினேன். ஏரிச் சாலையில் அவள் ஓட்டிய வேகத்தைச் சொன்னால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

கௌகோ வீடு தெரிந்தது. இருட்டிவிட்டிருந்தது. அந்தக் குளிரில் எரிகிற அடுப்புக்கு மேல் புகை நிமிர்ந்து தூணாக நிற்கும், அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டுக் காற்று நடுங்கும். அவன் புகைபோக்கியில் எதுவும் இல்லை. அதற்கு மேல் நட்சத்திரங்கள் நடுங்காமல் இருந்தன. ஐலா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினோம், கத்தினோம். ஜன்னலில் திரை போட்டிருந்தான். ஐலா வண்டிக்கு ஓடி, புகைபோக்கிக்குள் இறக்குகிற இரும்புக் குண்டைக் கயிற்றோடு எடுத்து வந்தாள். ஜன்னல் முன் நின்று கையை ஓங்கினாள்.

அப்போது நான் சொன்னேன், "கொஞ்சம் பொறு ஐலா. அவன் தூங்கிட்டிருந்தா? இன்னொரு ஜன்னல்னு எழுதிப் போட்டுடுவான். உன் வேல போயிடும். ஆம்புலன்ஸ் வர்ற நேரம்தான்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவள் கை இறங்கியது. அந்த வருஷம் பூராவும் நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே, தன்னையே நம்பாமல் இருக்க. குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். மறுபடி கதவைத் தட்டினாள். வீட்டைச் சுற்றி ஓடிவந்தாள். எத்தனை நேரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவளாக வந்து நின்று அடித்தாள்.

முதல் கண்ணாடி உடைந்தது. இரண்டாவது கண்ணாடி உடைந்தது. அவன் அவ்வளவு ஆசையாக மாட்டிய மூன்றாவது கண்ணாடிக்கு இரண்டு அடி வேண்டியிருந்தது.

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதித்தாள். அவள் இடுப்பிலிருந்த விஷவாயு மானி உடனே அலற ஆரம்பித்தது. வாசல் கதவு திறந்தது, வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனாள், தகட்டை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவள் பேச்சைக் கேட்காமல் உள்ளே போனேன். கௌகோ அடுப்புப் பக்கத்து மர இருக்கையில் சரிந்து கிடந்தான். போன் மார்பின் மேல் இருந்தது. அந்த வாயுவால் கன்னம் சிவந்து, என்றைக்கும் இல்லாத ஆரோக்கியத்தோடு இருந்தான். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்து படியில் போட்டு, என் கோட்டையும் அவள் கோட்டையும் சுற்றினோம். அவள் அவன் முகத்துக்கு அருகே குனிந்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெகு நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான். வாந்தி எடுத்தான். என்னைப் பார்த்தான்.

"ஆர்வோ, யாரு ஜெயிச்சது?"

"நீதான்," என்றேன்.

தலையாட்டினான். ஐலா எங்கோ திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனது. கௌகோ மறுபடி என்னைப் பார்த்தான், அப்போதுதான் பார்ப்பவன் போல.

"யாரு ஜெயிச்சது?" என்றான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான்கு தடவை கேட்டான். நான்கு தடவையும் சொன்னேன். அன்று இரவு எட்டு மணிக்கு ஊரில் யாரும் மீட்டரைப் படம் எடுக்கவில்லை.

அவனை ஊலு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வசந்தம் வரை அங்கேயும் மகள் வீட்டிலும் இருந்தான். ஊரில் எல்லாரும் ஐலாவைத் தேடிப் போய்க் கை கொடுத்தார்கள். கரிபட்ட கையைக் குலுக்கினால் அதிர்ஷ்டம் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அவள் கையைக் கொடுத்துவிட்டு, துவாரத்தில் காலுறை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள், நிஜமாகவே இல்லை. புகார் எதுவும் வரவில்லை. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. மார்ச்சில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே கேட்டாள்: அன்றைக்கு அந்த ஜன்னல் முன்னால் எவ்வளவு நேரம் நின்றோம்? ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை என்றேன். போய்விட்டாள். அவள் போனதும் நான் போனை எடுத்துப் பார்த்தேன். கௌகோ வாசலில் இறங்கியதும் அவன் எண்ணுக்கு ஒருமுறை அடித்திருந்தேன். கண்ணாடி உடைந்து அவள் உள்ளே குதித்ததும் ஹெல்விக்கு அடித்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் பதினொரு நிமிஷம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மே மாதம் கௌகோ வீட்டுக்கு வந்தான். நடந்தான், சமைத்துக்கொண்டான், விறகு பிளந்தான். கோடை முழுக்க நான் அவன் வீட்டு வேலி ஓரமாகவே பேசிவிட்டு நழுவினேன். செப்டம்பர் கடைசியில் அவன் வீட்டுப் புகைபோக்கியின் முறை வந்தது. சீட்டு அனுப்பினாள் ஐலா. அந்தக் காலையில் என் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"நீயும் வா. தனியா போக தைரியம் இல்ல," என்றாள். எத்தனையோ கூரையில் ஒற்றைக் காலில் நின்றவள்.

கௌகோ கதவைத் திறந்து, ஐலாவா, வா வா, எவ்வளவு நாளாச்சு என்றான். அவள் வண்டியின் டயர் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவள் கூரையேறி வேலையை முடித்தாள். அடுப்பைப் பார்த்தாள். தகட்டில் உள்ளங்கையளவு வெட்டி எடுத்திருந்தார்கள், இனிமேல் முழுசாக மூடவே மூடாது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மகள் அதன் பொத்தானுக்கே பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். கௌகோ காப்பி போட்டு, எங்கள் வழக்கப்படி அதில் நனைத்துத் தின்னச் சுட்ட பாலாடைக்கட்டியை நறுக்கி வைத்தான். ஐலா அன்றைக்கு உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். அவன் போய் இருபது வருஷமாயிற்று. நன்றாக இருக்கிறான் என்றாள். மரக் கதை, மீன் கதை பேசினான், நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிறுத்தி, நாங்கள் எடுத்துக் கொடுக்கக் காத்திருந்தான். பிறகு கூடத்து ஜன்னலைக் காட்டினான். போன குளிர்காலத்தில் யாரோ வந்து உடைத்துவிட்டுப் போய்விட்டதாகவும், மகள் புதுக் கண்ணாடி போட்டதாகவும் சொன்னான். ஐலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் கௌகோ ஒடச்சேன்," என்றாள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இவள் பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான், மற்றவன் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வாள் என்றான். படுக்கையறையில் ரேடியேட்டர் பிளந்ததை அவள் சொன்னாள். தரை கெட்டதைச் சொன்னாள். அவன் எழுதிய புகாரைச் சொன்னாள், வாக்கியம் வாக்கியமாக அவளுக்கு அது மனப்பாடமாக இருந்தது. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான், யாரோ ஒருவனுடைய கதையைக் கேட்பது போல. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது.

ஐலா எழுந்தாள். ஜன்னலுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளி அகலத் திறந்தாள். வெளியே இரண்டு டிகிரி, ஈரக் காற்று. நேராக மேஜைக்கு வந்து காகித விரிப்பைப் புரட்டியது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். மெழுகுவத்தியை வைத்துச் சவால் விட்ட அந்தப் பழைய கௌகோ இப்போது மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான் என்று காத்திருந்தேன். ஆண்டவனே எழுந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவன் பாலாடைக்கட்டியைக் காப்பியில் நனைத்தான். "நல்ல காத்து," என்றான்.

"என்னத் திட்டு, கௌகோ," என்றாள் ஐலா.

"எதுக்கு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியும், பதினொரு நிமிஷத்துக்கு என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. காற்று வந்துகொண்டே இருந்தது. கௌகோவின் கைகள் குளிரில் சிவந்தன, அது குளிர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஐலாவே எழுந்து போய் ஜன்னலை மூடினாள்.